பன்னிரண்டு வோல்ட்

இரவு பதினொன்றே காலுக்கு ரூட்டர் செங்கல்லானது.
உயிர் போன ரூட்டருக்கு எங்கள் கூட்டத்தில் அதுதான் பெயர்.
கெம்ச்சியில் என் தெருவில் வேறு செங்கல் கிடையாது,
சுவர்களெல்லாம் மரச் செதில்கள், மீன் உடம்பு மாதிரி.
மழை அவற்றின் மேல் தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது.

புது ஃபர்ம்வேர் ஏற்றினேன், அவ்வளவுதான்.
கம்பெனி கொடுத்ததைத் துடைத்துவிட்டு
யார் யாரோ சம்பளமில்லாமல் எழுதியதில்தான்
மூன்று வருடமாக ஓடுகிறது:
என் பரணிலிருந்து வலைக்கிடங்குக்கு,
அங்கிருந்து வளைகுடா தாண்டி ஆறு வீடுகளுக்கு.
யாரிடமும் சொல்லவில்லை.
ஐந்து நிமிட வேலைக்குத் தண்டோராவா போடுவார்கள்?

பரணில் குந்தியபடி பார்த்தேன்.
நான்கு நிமிடம் சிமிட்டியது விளக்கு.
பொறுக்கவில்லை. பிடுங்கி
சமையலறை மேசைக்குக் கொண்டுவந்து
அங்கே கிடந்த அடாப்டரில் செருகினேன்.
பச்சை வந்தது, எதையோ சொல்ல வாயெடுத்து
அணைந்தது, மறுபடி முதலிலிருந்து.

காலை ஐந்துக்கு சால்மன் ஆலையின் ஷிப்ட் பட்டியல் வரும்.
பெயர் இருந்தால் பஸ். இல்லையென்றால் தூக்கம்.
எர்னால்டோ, லுட்கார்தா, ரொசாமெலின் இரண்டு பெண்கள்,
எல்லோர் தலையணைக்கடியிலும் ஒரு போன்
இந்தச் செங்கல்லை நம்பிக் கிடக்கிறது.

குண்டூசியால் ரீசெட்டை அழுத்தி முப்பது எண்ணினேன்.
இன்னொரு முப்பது.
மூடியைக் கழற்றினேன், ஒரு கொக்கி உடைந்தது.
பலகையில் பெயரில்லாத நான்கு துளைகள்.
மீட்டர் வைத்து எர்த்தைக் கண்டுபிடித்து
மூன்று கம்பிகளைப் பற்றவைத்தேன்.
திரையில் ஒன்றுமில்லை.

அரைமணி கழித்துத்தான் உறைத்தது:
அதன் வாயை என் வாயோடு கட்டியிருக்கிறேன்.
இருவரும் பேசுகிறோம், கேட்க ஆளில்லை.
(இதே தவறை ஒருவனோடு ஒன்பது வருடம் செய்தேன்.
அப்போது கம்பியை மாற்றத் தோன்றவில்லை.)

மாற்றிக் கட்டினேன்.
கேள்விக்குறிகள், கட்டங்கள், குப்பை.
வேகத்தை 115200க்கு வைத்ததும்
கண்ணாடி போட்டதுபோல் எழுத்து தெளிந்தது.
நினைவகம் சரி. ஃபிளாஷ் சரி. கெர்னல் விரிகிறது.
யாரையும் குறை சொல்லாமல் வரிவரியாக வந்து
வைஃபையை எழுப்பும் இடத்தில்
அரைச் சொல்லில் அறுந்தது.
நினைவகம் சரி. ஃபிளாஷ் சரி.

போன மாத ஃபர்ம்வேரை ஏற்றினேன். அதே வரி.
அதற்கு முந்தையது. அதே வரி.
கடைசியில், தோற்றவள் போல, கம்பெனியின் மூலத்தையே ஏற்றினேன்.
அதே அரைச் சொல்.

மணி மூன்றரை.
ஒருவருக்கொருவர் முகம் தெரியாத நான்கு சாட்சிகள்
ஒரே இடத்தில் திக்கினால்
குற்றம் சாட்சிகளிடம் இல்லை.

பலகையிலிருந்து கண்ணை எடுத்து
வயரைப் பிடித்துக்கொண்டு சுவர்வரை போனேன்.
அடாப்டரின் வயிற்றில் பொடி எழுத்து:
ஒன்பது வோல்ட்.
ரிப்பேருக்கு வந்த தேவாலயக் கீபோர்டுடையது.

ரேடியோ விழிக்கும் நொடியில் பசி எடுக்கும்.
இந்தக் கஞ்சி போதவில்லை, படுத்துவிடுகிறது.
அது செங்கல்லாகவே இல்லை.
இன்னும் ஒரு நிமிடம் பரணில் குந்தியிருந்தால்
தானாகவே எழுந்திருக்கும்.

ஏணியேறினேன்.
சரியான அடாப்டர் இரவெல்லாம்
என் தலைக்கு நேர் மேலே
யாருக்கும் ஊட்டாமல் கதகதவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

நான்கு ஐம்பத்திரண்டுக்கு
எங்கள் ஃபர்ம்வேர் திரும்ப ஏறியிருந்தது,
சேமித்த அமைப்புகளும்.
உடைந்த கொக்கிக்கு இன்சுலேஷன் டேப்.

ஐந்து மணி. ஜன்னலில் நின்றேன்.
வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்கு எரிந்தது.
இன்னொன்று. ரொசாமெல் வீட்டில் இரண்டு அறைகளிலும்.
எர்னால்டோ வீடு இருட்டு.

பெயர் வரவில்லையா, செய்தி வரவில்லையா?
இருட்டைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.
லேப்டாப்புக்குத் திரும்பி
அவன் வீட்டுப் பெட்டியைக் கூப்பிட்டேன்.

பதினொரு மில்லிசெகண்டில் பதில்.
தூங்கட்டும்.